தொட்டில் கடலூரில், பிள்ளை சிதம்பரத்தில்

நிர்வாகத் திறமை எனக்குப் பிறவியிலேயே உண்டு என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. அது ஒரு காலை ஒன்பதே காலுக்கு முடிந்தது.

கடலூரில் ஒரு தையல் ஆலையில் நிர்வாக மேலாளராக இருந்தேன். (மேலாளர் என்றால் எல்லாருக்கும் கீழே மாட்டிக்கொள்கிறவர்.) அங்கே வேலை செய்த பெண்களில் பலர் சிதம்பரம், குமராட்சிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருவார்கள். அவர்களில் சபீனா எங்கள் மிகச் சிறந்த தையல்காரி. இரண்டு வயது மகனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ராஜினாமா கடிதம் நீட்டினாள். நான் அதை வாங்காமல், ஒரு மாதத்தில் ஆலைக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் திறந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். இல்லாவிட்டால் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள். சம்மதித்தேன்.

காப்பகத்துக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. மூன்று தொட்டில், ஒரு மரக்குதிரை, பால் காய்ச்ச அடுப்பு, நெல்லிக்குப்பத்திலிருந்து அனுபவமுள்ள ஓர் ஆயா. சுவரில் யானையை நானே வரைந்தேன். (பன்றி என்று சிலர் சொன்னது பொறாமை.) நல்ல நேரம் பார்த்து முதலாளியம்மா நாடா வெட்டினார். உள்ளே எல்லாம் இருந்தன, குழந்தைகளைத் தவிர.

முதலாளியம்மா சுற்றிப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றார். பதற்றத்தில் மரக்குதிரை எவ்வளவு உறுதி என்று காட்ட நானே அதில் ஏறி உட்கார்ந்தேன். அது உறுதி இல்லை. விழுந்த இடத்திலிருந்தே வேன் டிரைவர் செல்வத்துக்குப் போன் போட்டேன். பிள்ளைகளோடு வந்த ஏழு பெண்களையும் ஏற்ற மறுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"நான் என்ன பண்றது சார்? கம்பெனி அட்டை இல்லாதவங்கள ஏத்தக் கூடாதுன்னு கண்ணாடில ஒட்டியிருக்கு. உங்க கையெழுத்து. அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க."

போட்டிருந்தேன். யாரோ ஒருத்தி மாமியாரை மூட்டு வைத்தியத்துக்கு வேனில் அழைத்து வந்த கோபத்தில் எழுதியது அது. காப்பகம் கட்டிய ஒரு மாதமும் அந்தத் தாளைக் கடந்துதான் போய்வந்தேன்.

பத்து மணிக்கு சபீனா மட்டும் வந்தாள். பஸ்ஸில், இடுப்பில் மகனோடு. கையில் அதே கடிதம்.

"சார், தொட்டில் கடலூர்ல இருக்கு. புள்ளைங்க சிதம்பரத்துல இருக்கு. நடுவுல உங்க வேன் இருக்கு."

அதற்குமேல் தெளிவாக என் இருபது வருட அனுபவத்தில் யாரும் எனக்கு நிர்வாகம் சொன்னதில்லை. முதலாளியம்மா முன்னிலையில், மற்ற ஆறு பேரின் படங்களைப் போனில் வரவழைத்து, அன்று மாலைக்குள் ஏழு குழந்தைகளுக்கும் புகைப்பட அட்டை போட்டேன். பதவி என்ற இடத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. "பயிற்சியாளர்" என்று அடித்தேன். மறுநாள் ஏழு பயிற்சியாளர்கள் அழுதுகொண்டே பணிக்கு வந்தார்கள். சபீனா கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும் சார், அவசரத்துக்கு" என்றாள்.

அந்தக் கடிதம் இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது. அவள் இன்னும் எங்கள் ஆலையில்தான் இருக்கிறாள்.

போன மாதம் மகளின் சீமந்தத்துக்கு வேன் பிடித்தோம். நான் ஏறப்போகும்போது என் மனைவி படியில் கையைக் குறுக்கே நீட்டினாள். "என்னங்க, அட்டை?" வேனே சிரித்தது. பின்னால் நின்ற மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இவளுக்கு ரெண்டு அட்டை வேணுமே."