வளைகோட்டில் உட்கார மறுத்த புள்ளிகள்

மற்ற ஊர்களில் முதலில் சோதனை செய்வார்கள். பிறகுதான் சமன்பாடு எழுதுவார்கள். விஞ்ஞானத்துக்கு அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்திய பெருமை திருவனந்தபுரத்தில் எங்கள் பாலிமர் துறையையே சேரும். எங்கள் தலைவர் டாக்டர் சேஷன் வரைதாளில் முதலில் வளைகோட்டைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அதன்மேல் புள்ளிகளைக் கொண்டுவந்து உட்காரவைப்பது மாணவர்களின் 'ஆராய்ச்சி'.

நைலான் தூளை உருகவிடாமல் சூடாக்கினால் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாக நீளும். கூடவே நீரும் உண்டாகும். அது வெளியேறினால்தான் சங்கிலி மேலும் வளரும். நீர் உண்டான கணமே மரியாதையாக வெளியேறிவிடும் என்பது சேஷனின் சமன்பாடு. அவர் அறையிலிருந்து எல்லோரும் அப்படித்தான் வெளியேறுவோம்.

நாகர்கோவிலிலிருந்து வந்த ராஜபாய்க்கு மட்டும் அந்தப் பண்பு போதவில்லை. எழுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில், முனைவர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஒரு வரைபடத்தோடு வந்து நின்றாள்.

"என்னம்மா இது? புள்ளியெல்லாம் கோட்டுக்குக் கீழே கெடக்கறதே?"

"தண்ணி தூளுக்குள்ளயே தங்கிருது சார். அதான் சங்கிலி வளர மாட்டேங்குது."

"என் சமன்பாட்டுல தண்ணி எங்கயாவது இருக்கோ?"

"இல்ல சார்."

"பின்னே தூளுக்குள்ளே எப்படி இருக்கும்?"

இந்தத் தர்க்கத்தைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. உடனே 'புள்ளிகள் ஒழுங்கு விசாரணைக் குழு' அமைக்கப்பட்டது. சேஷன் தலைவர், நான் செயலர், புள்ளியியல் ராமசுப்ரமணியன் உறுப்பினர். பரிப்புவடை வந்ததும் விசாரணை தொடங்கியது.

"புள்ளியை லேசா மேலே நகர்த்திட்டாப் போறது. யாருக்கு வலிக்கப் போறது?" என்றார் ராமசுப்ரமணியன்.

"எனக்கு வலிக்கும் சார்," என்றாள் ராஜபாய். "தண்ணிக்கும் ஒரு இடம் குடுத்து சமன்பாட்டை மாத்தி எழுதிப் பாத்தேன். எல்லாப் புள்ளியும் சரியா வருது."

மாற்றி எழுதிய தாளைச் சேஷன் கவனமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. நீரின் நடத்தைக்குக் குழு வருத்தம் தெரிவித்தது.

ராஜபாய் இப்போது தம்பானூரில் ஒரு டுட்டோரியலில், பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

எங்கள் துறையும் வளர்ந்துவிட்டது. சமன்பாட்டில் நீருக்கு இடம் தந்த அந்த மகத்தான வரிக்கு இன்று 'சேஷன் திருத்தம்' என்று பெயர். அது தெரியாத மாணவருக்கு இங்கே பட்டம் கொடுப்பதில்லை. கண்டுபிடித்தவளுக்கும் கொடுக்கவில்லை.