றிஸ்லா கால்சியக் கோடுகளோடு பொருத படலம்

அண்டங்களையும் கண்ணுக்கெட்டா நுண்ணுயிர்களையும் ஒருசேரப் படைத்த ஏகனைப் போற்றி, மருதமுனை ஈன்ற மாதரசியும், மவுஸ் ஏந்திய வலக்கரத்தாளும், மூக்குக்கண்ணாடி துடைக்க மறந்த கூர்விழியாளுமாகிய றிஸ்லா புரிந்த பெரும்போரை இனி உரைப்போம். அவையோர் செவி தருக, தேத்தண்ணீர் ஆறினாலும் பொறுத்தருள்க!

நுணுக்குக்காட்டியால் எடுத்த படங்களில் மூளையின் உயிரணுக்களாகிய கலங்கள் இருளில் உறங்கும். கலத்தினுள் கால்சியம் பெருகினால், சாயம் பூண்ட அக்கலம் சட்டென்று மின்னி, பின் சோம்பலாய் மங்கும். அம்மின்னலை மென்பொருள் கோடாய் வரையும். கோடு எழுந்தால், கலங்களுக்கு இட்ட சோதனை மருந்து வேலை செய்தது என்று பொருள். பின்னேர அசர் தொழுகைக்குப் பின், ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை கேதீஸ்வரி கணினித் திரையில் தோன்றுவார். அவர்முன் எழுந்த கோடுகளைக் காட்டாவிட்டால், மாநாட்டு மேடை றிஸ்லாவுக்கு இல்லை.

அந்தோ! எழவேண்டிய கோடுகள், பேரலையில் அகப்பட்ட தோணிகளெனக் கூட்டமாய்த் தாழ்ந்தன, எழுந்தன, மீண்டும் தாழ்ந்தன. படம் அசைந்ததென்றெண்ணி அசைவு நீக்கும் அம்பை எய்தாள், பலிக்கவில்லை. சாயம் வெளுத்ததென்றெண்ணி வெளுப்புத் திருத்தும் வாளை வீசினாள், அதுவும் பலிக்கவில்லை. குசினியிலிருந்து மூத்தவளாம் ராத்தா றம்ஸியாவின் அறைகூவல் எழுந்தது:

"என்னகா, கம்பியூட்டரோட சண்டையா? சோறு ஆறுது, வாகா!"

வீராங்கனைக்கு அது கேட்கவில்லை. குற்றவாளி யாரெனத் தீர்மானமாகிவிட்டது அவளுக்கு. அந்தப் படங்களை எடுத்த சக மாணவர் முர்ஷித்தே அவர்! போனை எடுத்து முழங்கினாள்:

"நீங்க மேசையில முட்டியிருக்கீங்க! எல்லாக் கலமும் ஒண்டா விழுகுது. உங்களாலதான் எல்லாம் நாசமாப் போச்சு!"

"வல்லாஹி, நான் மேசையத் தொடவே இல்ல. மூச்சையும் மெல்லத்தான் உட்டன்."

"பொய்!" என்று இடியென உரைத்து, அவர் மறுமொழி கூறுமுன் போனைத் துண்டித்தாள்.

சினம் தணியாமலே ஒரு வீழ்ச்சியைப் பெருப்பித்துப் பார்த்தவள் திகைத்தாள். கோடு சட்டென்று விழுந்து, சோம்பலாய் எழுந்தது. கலம் மின்னும் அதே வடிவம், தலைகீழாய்! அப்படியானால் ஏதோ ஒரு கலத்தின் ஒளி மற்றெல்லாக் கலங்களிலிருந்தும் கழிக்கப்படுகிறது. கலமே இல்லாத இருட்டில் சிறு பெட்டி ஒன்று வரைந்து, அங்குள்ள ஒளியை எல்லாவற்றிலிருந்தும் கழிப்பது இத்தொழிலின் முறை. அந்தப் பெட்டியைக் காலையில் வரைந்தது சாட்சாத் அவளுடைய திருக்கரமே.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாள். ஐயகோ! வெற்றிடமென அவள் நம்பிய பெட்டியின் நட்டநடுவே கொழுகொழுவென்று ஒரு கலம் வீற்றிருந்தது. மருந்து பட்டதும் மற்றெல்லாவற்றையும்விடப் பலமாய் மின்னியதும் அதுவே.

பெட்டியைப் பெயர்த்து மெய்யான இருளில் நாட்டினாள். நாட்டலும், விழுந்துகிடந்த கோடுகள் யாவும் வெற்றிக் கொடிகளென ஒன்றன்பின் ஒன்றாய் விண்நோக்கி நிமிர்ந்தன! மருந்து வென்றது, மாநாட்டு மேடை வசமாயிற்று, முரசங்கள் அதிர்ந்தன, கிழக்குக் கடல் ஆர்ப்பரித்தது. வாகை சூடிய மருதமுனை மறக்குலச் செல்விக்கோ வெட்கத்தில் காதுமடல் சுட்டது.

முர்ஷித்துக்குப் போன் எடுத்தாள். அவர் ஆன்சர் பண்ணவில்லை.