பம்பருக்கும் பச்சை

போன மாதம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. காரைப் பெயிண்ட் அடிக்கக் கொடுப்பது.

கார் என்றால் ஏ ஃபோட்டி, அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். என் அப்பா வாங்கியது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்தால் நாய்கூட எழுந்து வழிவிடும். ஒருமுறை ஹெவ்லொக் டவுனில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட, சிவப்பு லைட்டைக் கண்டு அது தானாகவே நின்றது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். காருக்குத் தெரியும்.

அதன் அழகே குரோம்தான். முன் கிரில், பம்பர், பொனட்டிலும் கதவோரமும் ஓடுகிற பீடிங், எல்லாம் விளக்கி வைத்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும். பீடிங் என்றால் கார் கட்டியிருக்கிற ஒட்டியாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மினுக்கத்தில் மயங்கியவள் துஷாந்தி. வெள்ளவத்தையில் இருக்கிற என் மனைவியின் தங்கை மகள். கல்யாணத்துக்குப் பெரியப்பாவின் காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தகப்பன் பேசி வைத்திருந்த நீளமான வெள்ளைக் காரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மனைவி பக்கத்துச் சொந்தத்தில் என்னை நம்பி ஒருவர் ஒரு காரியத்தை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

பழைய பெயிண்ட் அங்கங்கே வெடித்துப்போயிருந்தது. அதனால் கிராண்ட்பாஸில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயிண்ட் அடிக்கிற மேஸ்திரியை இங்கே பாஸ் என்போம். பாஸ் பெயர் சுமணே. தங்கமான மனுஷன், ஆனால் தமிழில் ஒரு சொல் தெரியாது.

எனக்கென்ன கவலை? நான் நடை பழக முதலே சிங்களம் பழகியவன். மார்க்கெட்டில் என் சிங்களத்தைக் கேட்டால் செத்த மீனும் வாயைத் திறக்கும். அரசாங்கக் கந்தோரில் காலமெல்லாம் சிங்களத்தில் வேலை பார்த்த என் மனைவி தானும் வருகிறேன் என்றாள். இது ஆம்பிளைகள் வேலை என்று சொல்லி விட்டுவிட்டுப் போனேன்.

சொல்ல வேண்டியது சின்ன விஷயம். அதே கரும்பச்சை நிறம்தான். ஆனால் அடிக்க முதல் குரோம் எல்லாவற்றையும் கழற்றி வைத்து, பிறகு பூட்ட வேண்டும். பீடிங்கைத் தட்டிக் காட்டித் தெளிவாகச் சொன்னேன்.

"பீடிங் கலவன்ன, ஏப்பா."

என் வாய் அப்படி. யாரைக் கண்டாலும் ஏப்பா. கடைக்காரர், டொக்டர், கோயில் ஐயர், கோபத்தில் ஒருநாள் மாமியார், எல்லாரும் எனக்கு ஏப்பாதான்.

பாஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பம்பரையும் கிரில்லையும் தொட்டு, இதுவுமா என்று கேட்டார். விஷயம் தெரிந்தவர், திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்துகிறார் என்று நினைத்து, எல்லாம்தான் என்றேன்.

"ஒக்கோம கலவன்ன, ஏப்பா."

பிறகு, மாஸ்க் போடவா என்று கேட்டார். கொரோனா போன பிறகும் என் வயசை மதித்துக் கேட்கிறாரே என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மாஸ்க் எல்லாம் தேவையில்லை, சுதந்திரமாக மூச்சு விடுங்கள் என்று சொல்லி, தோளில் தட்டிவிட்டு வந்தேன்.

மழை, பெயிண்ட் காயவில்லை என்று இழுத்து இழுத்து, கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வரச் சொன்னார். இந்தத் தடவை நான் பிடித்த த்ரீவீலில் மனைவியும் வந்து ஏறிக்கொண்டாள்.

கார் நின்றது. பச்சையாக நின்றது. கிரில் பச்சை, பம்பர் பச்சை, வீல் கப் பச்சை, கதவுப் பிடி பச்சை. வல்லாரைச் சம்பலுக்குள் விழுந்து எழும்பின மாதிரி இருந்தது. பாஸ் பக்கத்தில் நின்று பெருமையோடு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கராஜில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாஸ் கோபப்படவேயில்லை. மாத்தயா என்று மரியாதையாகவே கூப்பிட்டு, நீங்கள் சொன்னபடிதான் செய்தேன் என்றார். மனைவி அவரிடம் நிதானமாக விசாரித்தாள். கேட்கக் கேட்க அவளுடைய உதடு துடிக்க ஆரம்பித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பீடிங்கைப் பற்றி நீங்க என்ன சொன்னனீங்கள்?"

"கலவன்ன ஏப்பா எண்டு சொன்னனான்."

"கலவன்ன எண்டா கழட்டு. கலவன்ன எபா எண்டா கழட்ட வேண்டாம். உங்கட பொய்ப்பல்லுக்கு ஏப்பாவும் எபாவும் ஒண்டுதான்."

மாஸ்க் விஷயமும் வெளியே வந்தது. பெயிண்ட் படாமல் பேப்பர் ஒட்டி மறைப்பதற்கும் மாஸ்க் என்றுதான் பெயராம். அதையும் நானே தடுத்திருக்கிறேன்.

தின்னர் போட்டுத் துடைத்தால் கார் உடம்பில் வழிந்து மற்றப் பெயிண்டும் போய்விடும், திருப்பிச் செய்ய நாள் வேண்டும் என்றார் பாஸ். நாளோ இல்லை. அப்படியே வெள்ளவத்தைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். துஷாந்தி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பெரியப்பா, கார் எங்க?"

"இதுதான்மா."

"அப்ப நான் த்ரீவீலில வாறன். அதுவும் பச்சைதான், ஆனா அதில கொஞ்சமாவது மினுங்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உள்ளே போய் அந்த வெள்ளைக் காருக்குப் போன் எடுத்தது எனக்குக் கேட்டது. அது வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டதாம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, கொஞ்சம்தான் இறங்கியது.

விடிந்ததும் பூ அலங்காரம் செய்பவர் வந்தார். பம்பரில் மல்லிகைச் சரத்தை டேப் போட்டு ஒட்டினார். கோணலாக இருக்கிறது என்றாள் மச்சினி. அவர் டேப்பைப் பிடித்து இழுத்தார்.

டேப்போடு சேர்ந்து பச்சையும் வந்தது, வாழை மட்டை உரிகிற மாதிரி நீளமாக. அடியில் குரோம் கண்ணடித்தது.

வழுவழுப்பான குரோமைத் தேய்க்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் சும்மா சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் கல்யாண வேலையைப் பார்க்கவில்லை. பட்டுச்சேலையோடு குந்தியிருந்து மச்சினி வீல் கப்பை உரித்தாள். தேநீர் கொண்டுவந்தவர் தட்டைப் பொனட்டில் வைத்துவிட்டுக் கதவுப் பிடியை உரித்தார். கடைசியில் கல்யாணப்பெண்ணே முழு நகையோடு இறங்கி வந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டாள். நகம் போய்விடும் என்று தடுத்தேன்.

"பேசாம அந்தப் பக்கத்தை உரியுங்கோ, பெரியப்பா."

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஒரு பக்கம் வெள்ளி, மறு பக்கம் பச்சை என்ற கோலத்தில் புறப்பட்டோம். வெள்ளிப் பக்கம் கமெராவுக்குத் தெரியும்படி மண்டப வாசலில் நிறுத்தினேன். துஷாந்தி மகாராணி மாதிரி இறங்கினாள்.

தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை காரில் ஏற வந்தது பச்சைப் பக்கமாக. அவர் முழிக்க, அவள் காதில் என்னவோ சொன்னாள். அந்தப் பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைப்பாகையோடு குந்தி உரிக்க ஆரம்பித்தார். சனம் சுற்றி நின்று கைதட்டியது.

இதென்ன என்று மாப்பிள்ளையின் தகப்பன் என்னிடம் வந்து கேட்டார். எனக்கு உண்மை சொல்லி அவ்வளவாகப் பழக்கமில்லை. எங்கள் பக்கத்தில் இது பழைய சடங்கு, மாப்பிள்ளையின் பொறுமையைப் பார்ப்பதற்கு என்றேன். அவர் பக்தியோடு தலையாட்டினார்.

இப்போது அவருடைய இளைய மகனுக்கும் பேசி முடித்திருக்கிறார்களாம். உரிப்பதற்கு நல்ல கார் எங்கே எடுக்கலாம் என்று நேற்றுப் போன் எடுத்துக் கேட்டார்.