நாலு இடத்தில் வெட்டிய வளைவு

கரும்பலகையில் லோஜினி டீச்சர் கீறிய வளைவு கிடை அச்சை நாலு இடத்தில் வெட்டியது. மூன்று இடத்தில்தான் வெட்டியிருக்க வேண்டும்.

அவள் படித்தது சித்திரம். புசல்லாவைக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் கிடைத்ததும் அதற்குத்தான். கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனதும், "வளைவெல்லாம் நல்லாக் கீறுவீங்கதானே டீச்சர்?" என்று அதிபர் கறுப்பையா உயர்தர வகுப்பின் பல்லுறுப்பிச் சார்புகளை அவள் தலையில் கட்டினார். ஒரு மாதத்துக்கு என்றார். எட்டு மாதம் ஆகிவிட்டது.

வீடு கண்டியில். விடியுமுன் பஸ் ஏறுவதால் மூன்று வயது மகளைத் தூக்கத்தில் பார்ப்பதோடு சரி. கண்டிக்கு மாற்றம் கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டிருந்தாள்.

இன்று காலை அதிபர் மூச்சிரைக்க வந்தார். "வலயக் கல்விக் கந்தோர்ல இருந்து ஆலோசகர் நஸீப் சேர் வந்திருக்காரு. ஒங்களத்தான் பார்க்கணுமாம். மெத்ஸ் தெரியாதுன்னு மட்டும் காட்டிக்கிறாதீங்க. அவரு ஒரு வரி எதிரா எழுதினா, மாற்றத்த மறந்துற வேண்டியதுதான்."

நஸீப் சேர் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். லோஜினி x³ − 4x என்று எழுதிவிட்டு வெண்கட்டியை ஓட்டினாள். இன்னொரு அலை இருந்தால் அழகாக இருக்குமே என்று கை தானாக வளைத்துவிட்டது.

யசோதினி எழுந்தாள். "டீச்சர், மூணாம் படிதானே? எப்பிடி நாலு இடத்துல வெட்டும்?"

லோஜினி கடைசி வாலை அழித்தாள். மூன்றாயிற்று.

"இப்ப வலது பக்கம் கீழ போகுதே டீச்சர்?" என்றான் சுமன். "மேலதானே போகணும்?"

வாலை மேலே வளைத்தாள். அது போகிற போக்கில் அச்சை மறுபடி வெட்டி நாலாக்கியது. வளைவு சொன்னபடி கேட்கவில்லை என்றதும் அச்சையே அழித்து, ஒரு சாண் கீழே இறக்கிக் கீறினாள்.

இப்போது வளைவு அச்சைத் தொடவே இல்லை.

பின்னால் நஸீப் சேர் பலகையையே பார்த்தபடி மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "சரி," என்றாள் லோஜினி. "இதுல எத்தனை பிழை இருக்கு? கண்டுபிடிங்க பார்ப்போம்."

வகுப்பே பலகைக்குப் பாய்ந்தது. யசோதினி அச்சை மேலே ஏற்றினாள், சுமன் மூலங்களைக் குறித்தான், கால் மணி நேரத்தில் சரியான வளைவு வந்துவிட்டது. லோஜினியும் அன்றுதான் அதைப் புரிந்துகொண்டாள்.

காரியாலயத்தில் நஸீப் சேர் பதிவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பிழைய வச்சே படிப்பிச்சீங்களே! இப்பிடி ஒரு மெத்ஸ் பாடம் நான் பார்த்ததே இல்ல, டீச்சர்."

அதிபருக்கு வாயெல்லாம் பல். லோஜினிக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப என்ட கண்டி மாற்றம், சேர்?"

நஸீப் சேர் பேனாவை மூடினார்.

"நான் சித்திரப் பாட ஆலோசகர், டீச்சர். கண்டி ஸ்கூல் ஒண்டுக்கு உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இவ்வளவு நல்ல மெத்ஸ் டீச்சர இங்கயிருந்து அசைக்கவே கூடாதுண்டு இப்பத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."