கதை முடிஞ்சா சீட்டு போச்சு

வாய்மொழிக் கதைகள் பாட்டிகளின் மடியில் கிடக்கின்றன என்றொரு நம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. மிகுந்த வருத்தத்தோடு இதை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். பாட்டிகள் சீரியல் பார்க்கிறார்கள். கதைகள் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு போகின்றன.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை. என் மனைவி கலா. அந்தக் கம்பெனியில் ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலைதான், பொருள் மட்டும் வேறு.

"வாய்மொழி மரபு, வாய்மொழி மரபுன்னு ஊரெல்லாம் சுத்தி கொசுக்கடி வாங்கிட்டு வர்றீங்களே. எங்க பஸ்ல செல்வி சொல்ற கதைய ஒரு நாள் வந்து கேளுங்க" என்றாள்.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். விடுமுறை நாட்களில் நாட்டுப்புறக் கதைகளைப் பதிவு செய்கிறவன். அதாவது, யாராவது நன்றாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து, "இதற்கு வேறு வடிவம் உண்டா?" என்று கேட்டுக் கெடுக்கிறவன்.

கம்பெனியில் சொல்லிக் கலாவே அனுமதி வாங்கித் தந்தாள். கணியம்பாடியிலிருந்து வருகிற பஸ்ஸில் காலையில் பாகாயத்தில் ஏறினோம். அவள் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம். பஸ் வேலூரைத் தாண்டுவதற்குள் நிரம்பிவிட்டது. எல்லோரும் பெண்கள். நிற்கிறவர்கள் பலர். ஆனால் இரண்டாவது வரிசை ஜன்னல் சீட்டு மட்டும் காலியாகவே வந்தது. யாரும் அதில் ஒரு பையைக்கூட வைக்கவில்லை.

"யாருக்கு அது?"

"கதைக்கு" என்றாள் கலா.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் செல்வி ஏறினாள். நேராகப் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பஸ் அமைதியானது.

கலா என் காதில் விதியைச் சொன்னாள். செல்விக்கு ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். ராத்திரி கால் இரண்டும் வீங்கிப்போகும். அவள் ஏறுகிற இடத்தில் பஸ்ஸில் சீட்டே இருக்காது. ஆனால் கதை சொல்கிறவருக்கு ஜன்னலோரம் என்பது இந்த பஸ்ஸின் சட்டம். கதை நடக்கிறவரை சீட்டு. கதை முடிந்தால் சீட்டு அடுத்த ஆளுக்கு.

"அடுத்த ஆள் யார்?"

செல்விக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். பர்வீன். அவளும் டோல்கேட்டில்தான் ஏறுவாள். மாமியார் வழி வந்த ஜின் பூதக் கதை ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள். "பக்ரீத்லருந்து நிக்கிறேன் சார்" என்று என்னிடம் முறையிட்டாள். "இந்தக்கா கதைய முடிக்கவே மாட்டேங்குது. ஒரே பேஜார்."

செல்வியின் கதை இது. ஒரு வியாபாரிக்கு ஒரு மகள். அவள் சிரிப்பை யாரோ திருடி, செப்புக்குடத்தில் அடைத்து, பாலாற்று வெள்ளத்தின் அடியில் போட்டுவிட்டார்கள். சிரிக்காத பெண்ணைக் கட்டிக்கொள்ள எவனும் வரவில்லை. குடத்தை ஒளித்தது யார்? சித்தியா, அண்ணியா, கணக்குப்பிள்ளையா? இந்தக் கேள்வியில் பஸ்ஸே மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தது.

நான் கையைத் தூக்கினேன்.

"பாலாற்றில் தண்ணீர் ஓடுவதாக வருகிறது. ஆகவே இது மிகப் பழைய கதையாக இருக்க வேண்டும்."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், கம்முனு வாங்க."

அன்றைக்குக் குடத்தை எடுக்க ஆற்றில் ஒருவன் குதித்தான். தண்ணீரைத் தொடுவதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது. செல்வி எழுந்துவிட்டாள். பஸ் முழுக்கப் பெருமூச்சு.

எனக்கோ முழுக் கதையும் வேண்டும். முடிவில்லாத பதிவு, குதிகால் இல்லாத ஷூ. ஞாயிற்றுக்கிழமை ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு கலாவோடு செல்வி வீட்டுக்குப் போனேன்.

"முடிவா?" செல்வி பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "முடிவு வெளிய போச்சுன்னா என் சீட்டு போய்டும் சார்."

"அம்மா, நான் ஆய்வாளன். என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது" என்றேன். இதைச் சொன்னபோது என் குரலில் இருந்த கம்பீரத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

என் போனில் இடமில்லை. மற்றவர்கள் அனுப்பிய காலை வணக்கங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. கலா தன் போனைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வெளிய நிக்கிறேன். முடிவை நான் பஸ்லதான் கேப்பேன்" என்று போய், வாசலில் கோழிகளோடு நின்றாள்.

செல்வி சொன்னாள். குடத்தை ஒளித்தது சித்தியும் இல்லை, அண்ணியும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. அந்தப் பெண்ணேதான். அப்பா பார்த்த மாப்பிள்ளை யாரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சிரிக்காத பெண் என்றால் எவனும் வரமாட்டான் என்று, தன் சிரிப்பைத் தானே குடத்தில் போட்டு மூடி, தானே ஆற்றில் இறக்கிவிட்டாள்.

'இதற்கு வேறு வடிவம் உண்டா?' என்று கேட்கவே மறந்துபோனேன். கலாவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். கலா குளிக்கப் போனாள். போனைத் தருவதற்குள் பதிவை எனக்கு அனுப்பிக்கொண்டால் வேலை முடிந்தது. வாட்ஸப்பில் என் பெயரைத் தேடினேன். காணோம். 'அவர்' என்று தேடினேன். காணோம். 'வீட்டுக்காரர்' என்று தேடினேன். தண்ணீர் கேன் போடுகிற தம்பியின் பெயர் 'வீட்டுக்குத் தண்ணி' என்று வந்தது.

மனைவியின் போனில் முதலிடத்தில் இருப்பது கணவன்தான் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அன்று நான் அதை முழுமையாக நம்பினேன். பட்டியலின் உச்சியில் ஒரு ரோஜாப்பூ படம். கீழே 'நம்ம குடும்பம்' என்று இருந்தது. குடும்பம் என்றால் நான், அவள், ஹாஸ்டலில் இருக்கிற பையன். நெகிழ்ந்துபோய் அனுப்பினேன்.

என் போன் சத்தம் போடவில்லை.

கலாவின் போன் சத்தம் போட்டது. டிங். டிங். டிங் டிங் டிங்.

'ஐயோ, அவளேவா?'

'நான் அண்ணின்னு நெனச்சேனே!'

'கலாக்கா, இன்னா இது? முடிவ இப்படியா போடுவாங்க?'

தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மைகள். அழும் பொம்மைகள். பர்வீனிடமிருந்து மட்டும் ஒரே ஒரு பொம்மை. ஆடுகிற பொம்மை.

அது பஸ் குடும்பம்!

அழித்துவிடலாம் என்று அழுத்தினேன். 'எல்லோருக்கும் அழி', 'எனக்கு மட்டும் அழி' என்று போன் இரண்டு வழி காட்டியது. அவசரத்தில் விரல் இரண்டாவதில் விழுந்தது. இப்போது அந்தப் பதிவு பஸ்ஸில் இருக்கும் எல்லோரிடமும் இருந்தது, கலாவிடம் தவிர.

கலா தலையைத் துவட்டியபடி வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே படித்தாள். கதையின் முடிவும் அதிலேயே தெரிந்துவிட்டது.

"கோழியோட நின்னேன்" என்றாள். "வெயில்ல, கோழியோட நின்னேன்."

"உன் போனில் என் பெயரே இல்லையே?"

எடுத்துக் காட்டினாள். 'எடுக்காதே' என்று இருந்தது. "காலேஜ்ல கிளாஸ் இல்லாதப்போ போன் பண்ணி கல்வெட்டு பத்திப் பேசுவீங்க. அதுக்காக வெச்சது."

அவள் தோளிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன்.

"நாளைக்கு நீங்களே பஸ்ல வந்து சொல்லுங்க. என் தலையில கட்டாதீங்க" என்றாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியபோது யாரும் வணக்கம் சொல்லவில்லை. டிரைவர் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார்தானே அது?" என்று கேட்டார்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் கதவு திறந்ததும் முதலில் பாய்ந்து ஏறியது பர்வீன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள். செல்வி பின்னால் வந்து நின்றாள்.

"எழுந்திரு பர்வீன்."

"கதை முடிஞ்சிச்சுக்கா. ரூல்னா ரூல்தான்."

"நான் இங்க சொன்னேனா? போன்ல வந்தது கணக்கில்ல."

"உன் குரல்தானே? நீதானே சொன்ன? பேடா துன்னுட்டு சொன்ன சத்தம்கூட கேக்குது!"

பஸ் இரண்டாகப் பிரிந்தது. போனில் வந்தது முடிவு என்று ஒரு பக்கம், இல்லை என்று ஒரு பக்கம். செல்வி நின்றுகொண்டே கம்பியைப் பிடித்திருந்தாள். இனி பொங்கல் வரையோ அதற்கு மேலோ, போகும்போதும் வரும்போதும் அவளுக்கு அந்தக் கம்பிதான்.

யாரோ சொன்னார்கள், "படிச்சவர் இருக்காரே, அவரையே கேளுங்க."

என் வாழ்க்கையில் இதற்காகத்தான் காத்திருந்தேன். எழுந்தேன். 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். செல்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்" என்று ஆரம்பித்தேன். "சொல்லுதல் ஒன்று, கேட்டல் ஒன்று. சொல்பவர் முடிவு என்று கருதிச் சொன்னாரா என்றால்..."

"சார், மாதனூர் வந்துடுச்சு."

"...கருதித்தான் சொன்னார். ஆகவே அந்த அளவில் அது முடிவுதான். ஆனால்..."

என் 'ஆனால்' யார் காதிலும் விழவில்லை. "பாத்தியா, சாரே சொல்ட்டாரு!" என்று பர்வீன் கட்சி கூச்சல் போட்டது. அந்த 'ஆனால்'-க்குப் பின்னால் செல்விக்குச் சாதகமாக அருமையான மூன்று வாதங்கள் இருந்தன. அவை இன்னும் என்னிடமே இருக்கின்றன.

கலா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

செல்வி கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, நின்றபடியே, யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு குடத்தை ஆத்துல இறக்குனப்ப, கரையில ஒரு கழுத மேஞ்சிட்டு இருந்துச்சு."

பஸ் திரும்பிப் பார்த்தது.

"கண்ணாடி போட்ட கழுத."

"கழுத கண்ணாடி போடுமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"படிச்ச கழுத. ஜாஸ்தி படிச்சிருச்சு. அந்தப் பொண்ணு அது கிட்ட போய், யார்கிட்டயும் சொல்லாத கழுதன்னு கெஞ்சுனா. வெல்லம் குடுத்தா. 'நானா? என் வாயிலருந்து ஒரு சொல்லு போகாது'ன்னு கழுத சத்தியம் பண்ணுச்சு."

பின்சீட்டில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். டிரைவர் மறுபடி கண்ணாடியில் பார்த்தார்.

"பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டா. கழுத ரெண்டு வாய் புல்லு தின்னுச்சு. அதுக்கப்புறம் ஊர் நடுவுல போய் நின்னு, நாலு தெருவுக்கும் கேக்குற மாதிரி கத்திச்சு பாரு! ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அப்பனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கே கல்யாணம்னுட்டான். அந்தப் பொண்ணு பாத்தா. ராத்திரியோட ராத்திரியா குடத்தை எடுத்து இடுப்புல வெச்சிக்கிட்டு, வீட்ட விட்டுக் கிளம்பிட்டா."

நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மெதுவாகக் குடித்தாள்.

பின்சீட்டுக்காரர்கள் எழுந்து முன்னால் சாய்ந்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் ஒருத்தி.

கேட்டது பர்வீன்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்தினாள். அதற்குள் பஸ் வெடித்துவிட்டது.

"அப்புறம்னு கேட்டுட்டியே பர்வீன்! முடிஞ்ச கதைக்கு ஏதுடி அப்புறம்?"

பர்வீன் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "அல்லா! என் வாயே எனக்கு எதிரி" என்று தலையில் தட்டிக்கொண்டாள். செல்வி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, கால் இரண்டையும் முன்சீட்டுக் கம்பியில் தூக்கி வைத்தாள்.

"ஆனா இவ பக்ரீத்லருந்து நிக்கிறா. அதுவும் பாவம்தானே?" என்று பின்சீட்டுக் குரல் கேட்டது.

எல்லோரும் யோசித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உதவிக்குக் கலாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே தன் பையை நகர்த்திப் பர்வீனுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் ஆம்பூர் வரை நின்றுகொண்டு போனேன். வழியெல்லாம் கழுதை எட்டு ஊரில் உதை வாங்கியது.

கதை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. செல்வி ஜன்னலோரம்தான். மாலையில் வந்து கழுதைக்கு அன்று என்ன ஆயிற்று என்று கலா ஒன்று விடாமல் எனக்குச் சொல்கிறாள், நான் கேட்காமலே.

போன வாரம் அரக்கோணத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி, ரயிலில் வேலைக்குப் போகிற பெண்களிடம் பதிவு செய்த கதையொன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். பாலாறு வருகிறது. செப்புக்குடம் வருகிறது. கண்ணாடி போட்ட கழுதை ஒன்றும் வருகிறது. 'இந்தக் கழுதை எந்தக் காலத்ததாக இருக்கும் சார்?' என்று கேட்டிருந்தாள்.

மிகப் பழையது என்று எழுதி அனுப்பினேன்.