எல்லாக் கட்டத்திலும் பன்னிரண்டு

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு வரக் கூடாது. கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலையில் கூச்சத்துக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன். என் கூச்சத்தால் ஒரு நிச்சயதார்த்தம் குலைய இருந்தது. அது என்னுடைய நிச்சயதார்த்தம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அப்போது நான் தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்த கம்பெனியில் வேலை பார்த்தேன். மொத்தம் ஐந்து பேர். தையல்காரர்களுக்கான ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கிறவர்கள் பழைய ப்ளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுப்பது வழக்கம் அல்லவா? அந்த அளவு ப்ளவுஸை ஒழித்துக்கட்டுவதுதான் எங்கள் லட்சியம். வாடிக்கையாளர் தன் போனில் அளவுகளைப் போட வேண்டும். அது தையல்காரர் போனில் போய் நிற்கும். அவ்வளவுதான். (இதற்கு ஐந்து பேரா என்று என் அப்பா கேட்டார். அப்பாவுக்கு டெக்னாலஜி புரியாது என்று சொல்லிவிட்டேன்.)

எங்களை நம்பிய ஒரே தையல்காரர் யூசுப் பாய். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை, ஐந்து மெஷின், எப்போது போனாலும் கூட்டம். புது அப்டேட் வந்தால் எல்லோருக்கும் விடுவதற்கு முன், முதலில் பாயின் வாடிக்கையாளர்களில் பத்துப் பேருக்கு மட்டும் விட்டுப் பார்ப்போம். அந்தப் பத்துப் பேருக்கு நான் வைத்த பெயர் ‘முன்னோடிகள்’. அவர்களிடம் போவதற்கு முன்னால் ஒருவர் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பவித்ராவைப் பேசி முடித்திருந்தார்கள். அவள் அம்மா வசந்தா டீச்சர் மயிலாப்பூரில் முப்பது வருஷம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் பார்க்கிற பார்வையிலேயே நாம் ஏதோ ஸ்டெப் விட்டுவிட்டோம் என்று தோன்றும். அவரிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அம்மா, பெண் இருவரையும் முன்னோடிகள் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

“இதுல தப்பு எதுவும் வராதே, தம்பி?” என்று டீச்சர் கேட்டார். (மாப்பிள்ளை என்று கூப்பிடுவது நிச்சயம் ஆன பிறகுதான் என்பது அவர் கொள்கை.)

“சின்னக் குறை ஏதாவது இருந்தா அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவோம், அத்தை” என்றேன். அந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த மாத அப்டேட்டில் ஒரு சின்ன மாற்றம். அளவு போடுகிற பக்கத்தில் கட்டங்களின் வரிசையை மாற்றியிருந்தார்கள். மேலே இருந்த கை நீளம் கீழே போனது, கீழே இருந்த பின்கழுத்து (முதுகுப் பக்கம் கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்கிற அளவு) மேலே வந்தது. நான் செய்ய வேண்டியது ஒரு ப்ளவுஸின் அளவுகளைப் போட்டு, பாயின் பக்கத்தில் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான்.

ப்ளவுஸின் அளவுகளுக்கு நான் எங்கே போவேன்? ஆபீஸில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்பதா? வீட்டில் அம்மாவின் ப்ளவுஸ் ஒன்றை எடுத்து டேப் வைத்து அளந்திருக்கலாம். அளந்துகொண்டிருக்கும்போது அம்மா உள்ளே வந்தால் என்ன பதில் சொல்வது? இணையத்தில் தேடலாம் என்றால், என் திரை வாசலைப் பார்த்து இருந்தது. ஆகவே மார்பளவு பன்னிரண்டு, இடுப்பு பன்னிரண்டு, கை நீளம் பன்னிரண்டு, பின்கழுத்து பன்னிரண்டு என்று எல்லாக் கட்டத்திலும் பன்னிரண்டைப் போட்டு அனுப்பினேன். மறுபக்கம் திறந்து பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் பன்னிரண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வாடிக்கையாளர் திரையில் இடம் மாறிய அந்த இரண்டு கட்டங்கள் பாயின் திரையில் மாறவே இல்லை. அதாவது இங்கே கை நீளம் என்று போட்டால் அங்கே பின்கழுத்து என்று போய் நிற்கும். இது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது.

நிச்சயதார்த்தத்துக்கு என் அம்மா இரண்டு பட்டுப்புடவை எடுத்தாள். ஒன்று பவித்ராவுக்கு, ஒன்று சம்பந்திக்கு. இரண்டிலும் ப்ளவுஸ் துணி புடவையோடேயே வருவது, அதே ஜரிகைக் கரை. என் அம்மா யாரைப் பார்த்தாலும் புடவைக்கு முன்னால் ப்ளவுஸைப் பார்க்கிறவள். தான் எடுத்துக் கொடுத்த பட்டுக்குச் சம்பந்தி வேறு ஏதோ ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு வந்தால், பிடிக்கவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்வாள். எங்கள் சொந்தத்தில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்காகப் பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்கள் உண்டு.

அம்மாவும் பெண்ணும் தங்கள் அளவுகளை ஆப்பில் போட்டுவிட்டார்கள். துணிகளை டீச்சர் வீட்டிலிருந்து பாயிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வழியில் பையைத் திறந்து பார்த்தால் டீச்சர் தன் பழைய ப்ளவுஸ் ஒன்றை அளவுக்கு வைத்திருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் லட்சியத்துக்கே விரோதமான காரியம். அந்த ப்ளவுஸை மட்டும் எடுத்து ஆபீஸ் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, துணிகளை மட்டும் பாயிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பாய் போன் பண்ணினார்.

“தம்பி, டீச்சரம்மாவுக்குப் பின்கழுத்து பதினொண்ணுன்னு போட்டுகீது. கை அஞ்சுதான் கீது. அவங்க அப்படிப் போடறவங்க இல்லியே. அளவு ப்ளவுஸ் ஒண்ணு இருந்தா குடேன்.”

பின்கழுத்து பதினொன்று என்றால் முதுகில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்காது. இது எனக்கே புரிந்தது. ஒரு போன் போட்டு டீச்சரைக் கேட்டிருக்கலாம். ‘அத்தை, உங்க பின்கழுத்து எவ்வளவு?’ என்று கேட்கிற வாய் எனக்கு இல்லை.

“பாய், கஸ்டமர் போட்டதுதான் கரெக்ட். இந்தக் காலத்துல அவங்கவங்க இஷ்டம். நாம யாரு கேக்கறதுக்கு?” என்றேன்.

“நல்லா யோசிச்சுக்க தம்பி. வெட்னா வெட்னதுதான்.”

“ஆப்ல இருக்கற மாதிரியே தைங்க, பாய்.”

போனை வைத்த பிறகு எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு முற்போக்கான மாமியார் எனக்கு வாய்த்திருக்கிறார் என்று நண்பன் ஒருவனிடம் சொல்லக்கூடச் செய்தேன். (விவரம் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.)

நிச்சயத்துக்கு முதல் நாள் மத்தியானம் பவித்ரா கூப்பிட்டாள். “உடனே பாய் கடைக்கு வா” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

போனபோது டீச்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இரண்டு ப்ளவுஸ். டீச்சருக்குத் தைத்ததில் குட்டைக் கையும், முதுகு இருக்க வேண்டிய இடத்தில் காற்றும் இருந்தன. முதுகு இறக்கி வைத்து நாகரிகமாகக் கேட்டிருந்த பவித்ராவுக்கு, முழங்கை தொடுகிற கையும் கழுத்தை ஒட்டிய முதுகுமாக ஒரு தலைமையாசிரியை ப்ளவுஸ் வந்திருந்தது.

“பாய், அம்மாவுதையும் பொண்ணுதையும் மாத்தித் தைச்சுட்டீங்க. முப்பது வருஷமா உங்ககிட்ட தைக்கிறேன். ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை. இனிமே எப்படி நம்பிக் குடுக்கறது?” என்றார் டீச்சர். குரல் உயரவே இல்லை. கடையில் துணியோடு நின்றிருந்த நாலு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பாய் என்னைக் கை காட்டவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை. “என்கிட்ட வந்த அளவுக்குத் தைச்சேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார். அந்த மனிதர் என் பெயரைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வாசலில் பவித்ரா நின்றுகொண்டிருந்தாள்.

“பாய் மேல தப்பில்லை, அத்தை. அவர் கேட்டார். நான்தான் தைக்கச் சொன்னேன். ஆப்ல ரெண்டு கட்டம் மாறிப்போச்சு போல.”

“நீ சோதிச்சுப் பாத்துதானே குடுத்தே?”

“ஆமா.”

“என்ன நம்பர் போட்டே?”

“பன்னிரண்டு.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு டப்பாவுலயும் சக்கரையைக் கொட்டி வெச்சுட்டு, டப்பா மாறிச்சான்னு எப்படிடா கண்டுபிடிப்பே?”

தம்பி போய் ‘டா’ வந்துவிட்டதைக் கவனித்தேன்.

“நான் பையில அளவு ப்ளவுஸ் வெச்சேனே? அது எங்கே?”

“என் ஆபீஸ் மேஜையில இருக்கு.”

“என் ப்ளவுஸ் உன் மேஜையில எதுக்கு?”

இந்தக் கேள்விக்குக் கௌரவமான பதில் எதுவும் இல்லை என்பது யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நாலு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் தன் துணிப்பையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

டீச்சர் எழுந்தார். நிச்சயதார்த்தம் முடிந்தது என்றே நினைத்தேன். அவர் பாயிடம் போய், “மன்னிச்சுக்கங்க பாய், விசாரிக்காம பேசிட்டேன்” என்றார். பிறகு என்னிடம், “உங்க அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். வாங்கிக் குடுத்தவங்க மனசு கஷ்டப்படும். நான் பாத்துக்கறேன்” என்றார். அழுகை வந்தது. கடையில் ஆண்கள் அழுகிற வழக்கம் இல்லாததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சர் அந்தப் பட்டையும் அந்த ப்ளவுஸையும்தான் உடுத்திக்கொண்டு வந்தார். தலைப்பை முதுகு முழுக்கச் சுற்றி, இரண்டு தோளையும் மூடி, முன்னால் இழுத்துப் பிடித்திருந்தார். மே மாதம். மண்டபத்தில் ஏ.சி. ஒரு பேச்சுக்குத்தான் இருந்தது. தட்டு மாற்றும்போதுகூட ஒரு கையால்தான் மாற்றினார். ஆல்பத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் இவருக்கு அன்றைக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

என் அம்மா மட்டும் கேட்கவில்லை. பந்தியில் என் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “சம்பந்தியைப் பாத்தியா? என்ன அடக்கம். தலைப்பு தோளை விட்டு இறங்கலை. பொண்ணையும் பாரு, முழங்கை வரைக்கும் கை வெச்சுப் போட்டிருக்கு. நல்ல குடும்பம்.”

பவித்ரா அந்த அடக்கமான பெயரைக் கல்யாணமான மூன்றாம் மாதமே கெடுத்துக்கொண்டுவிட்டாள். டீச்சரால் முடியவில்லை. என் அம்மா சொல்லிச் சொல்லி, கே.கே. நகரிலிருந்து பாலவாக்கம் வரைக்கும் எங்கள் சொந்தம் முழுக்க அந்த அடக்கம் பரவிவிட்டது. எங்கள் பக்கத்து விசேஷம் என்றால் இன்றைக்கும் டீச்சர் போர்த்திக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. (என் அம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை என்பது நல்லதாகப் போயிற்று.)

போன மாதம் திருவான்மியூரில் என் பெரியம்மா பேத்திக்குக் காதுகுத்து. சின்ன ஹால், நடுவில் கரண்ட் போய்விட்டது. பெண்கள் எல்லோரும் தலைப்பை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் கழுத்துவரை மூடிக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய உட்கார்ந்திருந்தார். என் அம்மா எங்கள் சொந்தத்து மருமகள்கள் எல்லோருக்கும் அவரைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் டீச்சர் கேட்டார்.

“ஆறு வருஷம் ஆச்சு, மாப்பிள்ளை. இது எப்போ முடியும்?”

“அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடறேன், அத்தை” என்றேன்.