மேடம் சாப்பிடவில்லை

ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம்தான் இருக்கும் என்று நம்பிய மூடன் நான். இத்தனைக்கும் படித்தவன், டை கட்டியவன். திருப்பதியில் வீடு வீடாக ஏறி, ‘உங்கள் மொட்டை மாடியில் ஒரு செல்போன் டவர் வைத்துக்கொள்ளுங்களேன்’ என்று கெஞ்சுகிற கௌரவமான உத்தியோகத்தில் இருந்தவன். குடிபோன முதல் நாளே அறைத் தோழரின் ஃபிரிட்ஜைத் திறந்து, வெனிலா என்று எழுதியிருந்த டப்பாவை எடுத்து, கையில் ஸ்பூனோடு மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை எலிகள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி சீராக இடைவெளி விட்டு, வரிசையாக, விறைத்துக் கிடந்தன.

நான் போட்ட கூச்சலுக்கு, அலிபிரியில் திருமலைக்குப் படியேறிக்கொண்டிருந்தவர்கள் யாரோ பக்தன் என்று நினைத்துப் பதிலுக்குக் கோவிந்தா போட்டிருப்பார்கள்.

கட்டிலில் படுத்திருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அத்த அப்டியே வை நைனா. அது மேடத்துது.”

“எந்த மேடம்ணா?”

“உன் கால்கிட்டதான் கீறாங்க.”

குனிந்து பார்த்தேன். முக்காலி மேல் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் செந்தூரா மாம்பழ நிறத்தில், முதுகு நெடுக சிவப்புத் திட்டுகளோடு, ஒரு பாம்பு என்னை நிதானமாகப் பார்த்து நாக்கை நீட்டியது. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் கொண்டுபோய் வைத்தால் கிலோ எவ்வளவு என்று கேட்பார்கள், அப்படி ஒரு நிறம். நான் ஸ்பூனை ஆயுதம் மாதிரி பிடித்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தேன்.

சித்தூர் ஜில்லாவில் பாம்பு பிடித்தவர்கள் உண்டு. பாம்பு அடித்தவர்கள் உண்டு. பாம்பிடம் கடிபட்டுப் பிழைத்து, அதையே இருபது வருடம் கதையாகச் சொல்லி ஓசியில் டீ குடித்தவர்களும் உண்டு. ஆனால் பாம்புக்கு ஏசி போட்டவர் என் அறைத் தோழர் கூலிங் அண்ணா ஒருவர்தான்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. நகரிப் பக்கத்து எல்லைக் கிராமத்துக்காரர். குவைத்தில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, திருச்சானூர் ரோட்டில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் கடையும் குடித்தனமுமாக இருந்தார். உலகத்தையே ஏசியாகத்தான் பார்ப்பார். தெருவில் யாராவது செத்துப்போனால் ‘கம்ப்ரஸர் நின்னுடுச்சி’ என்பார். கோபக்காரர்களுக்கு ஓவர்லோடு. என்னைப் பற்றிக் கீழ்வீட்டு ஓனரம்மா விசாரித்தபோது, “நல்ல பையன்தாம்மா, கேஸ்தான் கொஞ்சம் கம்மி” என்று சான்றிதழ் கொடுத்தார்.

எல்லோரும் எங்காவது கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. நகரிக்காரன் குவைத் போனான். திருப்பதிக்காரன் பெங்களூர் போனான். பெங்களூர்க்காரன் அமெரிக்கா போனான். போகிறவர்கள் நாயை, பூனையை, அப்பா அம்மாவை யாரிடமாவது விட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூரில் கூலிங் அண்ணா ஏசி மாட்டப்போன வீட்டு சாஃப்ட்வேர் பையனுக்கு அமெரிக்கா கிடைத்தது. அவன் வளர்த்தது கார்ன் ஸ்னேக் என்கிற, விஷமில்லாத, சாதுவான அமெரிக்கப் பாம்பு. ‘ரெண்டு மாசம் பார்த்துக்கோங்க, ஆள் அனுப்புறேன்’ என்று தொட்டியோடு இவர் கையில் கொடுத்துவிட்டு, அமெரிக்கப் பாம்பை இங்கே வைத்துவிட்டு அவன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். ஆள் வரவில்லை. அவன் வைத்த இங்கிலீஷ் பெயர் இவர் வாயில் நுழையவில்லை. பெண் பாம்பு என்பது மட்டும் தெரிந்ததால் ‘மேடம்’ ஆயிற்று.

மேடத்துக்கு வாரம் ஒரு எலி. எலிகள் சென்னையிலிருந்து தெர்மோகோல் பெட்டியில், மீன் என்கிற பெயரில், பஸ்ஸில் வரும். வெந்நீரில் போட்டு விறைப்பை எடுத்து, இடுக்கியால் வாலைப் பிடித்து ஊட்டுவார். தொட்டிக்குள் ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் மிதமாக இருக்கவேண்டும். திருப்பதியின் மே மாதத்தில் இரண்டு பக்கமும் அடுப்பு. எனவே பழைய சாமான்களைக் கோத்து ஒரு ஏசி செய்து மாட்டினார். அந்த ஏசிக்கு ஆசைப்பட்டுத்தான் நான் அறையைக் காலி செய்யாமல் இருந்தேன். அதிலும் மண்.

“ண்ணா, வேர்த்து ஊத்துது. கொஞ்சம் கூட்டி வையேன்.”

“மேடத்துக்கு சரியா கீது.”

“எனக்கு?”

“நீ வேணா அந்தாண்ட போய்ப் படு.”

ஒரு நாள் கேட்டேவிட்டேன், இதில் என்ன சுகம் என்று. அவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “குவைத்துல ஒரே ரூம்ல பதினாலு பேரு நைனா. நான் உள்ள வந்தா எவனும் தல தூக்கிப் பாக்கமாட்டான். இவங்க பாக்கறாங்க.”

உடனே, “இன்னா வாயப் பாத்துக்கினு நிக்கற, அந்தத் துணிய எடு” என்று அதட்டினார்.

சிக்கல் தோல் உரிப்பதில் வந்தது. அந்த நாட்களில் மேடத்தின் கண்ணில் நீலம் படியும், தொந்தரவே செய்யக்கூடாது. அப்போது ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குக் கூப்பிட்ட ஒருவரிடம், கூலிங் அண்ணா போனில் கிசுகிசுத்தார்: “சத்தமா பேசாத சார். மேடம் டிரெஸ் மாத்திக்கினு இருக்காங்க. அப்பால பண்ணு.”

கல்யாணமாகாத இரண்டு தடியன்கள் இருக்கும் மாடியில் டிரெஸ் மாற்றும் மேடம் யார்? கேள்வி தெரு முழுக்கச் சுற்றி மத்தியானத்துக்குள் கீழ்வீட்டுக்கு வந்துசேர்ந்தது. ஓனரம்மா முழங்கால் வலியையும் மறந்து ஏறிவந்தார்.

“எவரய்யா அந்த ஆடமனிஷி? அந்தப் பொம்பளைய வெளிய வரச் சொல்லு!”

கூலிங் அண்ணா பவ்யமாகத் தொட்டியைக் காட்டினார். பெண் இல்லை என்று ஓனரம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணம் அவர் கீழ்வீட்டில் இருந்தார். எப்படி இறங்கினார் என்பதைப் படிகளைத்தான் கேட்கவேண்டும்.

அன்றே காலி பண்ணச் சொல்வார் என்று நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். ஆனால் ஓனரம்மாவுக்கு ஒரே மகன், அமெரிக்காவில், கிரீன் கார்டுக்குக் காத்திருந்தான். பாம்பை விரட்டினால் சர்ப்ப தோஷம் மகனைப் பிடிக்குமோ என்று புரோகிதரிடம் ஓடினார். திரும்பிவந்து அவரே எங்களிடம் சொன்னது இது. புரோகிதர் கேட்டாராம், பையன் எந்த ஊர்? அமெரிக்கா. பாம்பு எந்த ஊர்? அமெரிக்கா. அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், தோஷம் நேராக அங்கேதான் போய் இறங்கும்.

“நீங்க ரெண்டு பேரும் காலி பண்ணுங்க. சாமி இங்கயே இருக்கட்டும்” என்றார் ஓனரம்மா.

“நான் இல்லன்னா மேடத்துக்கு யாரும்மா வெந்நி வெப்பாங்க?”

வெந்நீர் குளிப்பதற்கு என்று அவர் நினைத்துக்கொண்டார். சாமிக்கு ஸ்நானம் செய்விப்பவரை விரட்டக்கூடாதென்று கூலிங் அண்ணாவை விட்டுவைத்தார். வெந்நீர் தூக்க எடுபிடி வேண்டுமே என்று என்னையும் சேர்த்து விட்டுவைத்தார்.

தீபாவளி போய் நாகுல சவிதி வந்தது. அன்று புற்றுக்குப் பால் ஊற்றி, முட்டையும் எள்ளுருண்டையும் வைத்துக் கும்பிடுவது எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம். அந்த வருடம் பாலும் முட்டையும் இருந்தன, புற்று இல்லை. தெருக்கோடியில் இருந்த புற்றை அபார்ட்மென்ட் கட்டுபவர்கள் பொக்லைனால் வழித்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் சொம்புகளோடு திகைத்து நிற்க, ஓனரம்மா வழி சொன்னார். புற்று எதற்கு? எங்கள் வீட்டு மாடியில் சாமியே இருக்கிறார்.

காலையில் பல் விளக்கிக்கொண்டே எட்டிப்பார்த்தேன். படி முழுக்க ஈரத் தலையும் பட்டுப் புடவையும். கூலிங் அண்ணா வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“பாலு ஊத்தாதீங்கம்மா! உடம்புக்கு ஆவாது! மேடம் பாலு குடிக்கமாட்டாங்க!”

“பாம்பு பால் குடிக்காதா? பின்ன காப்பியா குடிக்கும்? வழி விடு பாபூ!”

“எலி துன்றவங்கம்மா அவங்க!”

விநாயகருடைய வாகனத்தைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை பேசினால் என்ன ஆகும்? ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சந்தடியில் ஓனரம்மா அவர் கைக்கு அடியில் குனிந்து புகுந்து, தொட்டியின் மூடியைத் தூக்கி, சொம்புப் பால் முழுவதையும் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்துவிட்டார். பின்னாலேயே மஞ்சள், குங்குமம், ஒரு பிடி அட்சதை.

கூலிங் அண்ணா அலறிக்கொண்டு ஓடினார். மஞ்சள் பாலில் தத்தளித்த மேடத்தை இரண்டு கையாலும் அள்ளி, பக்கெட்டில் வெதுவெதுப்பான நீரில் அலசி, தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். பாம்பைப் பிள்ளை மாதிரி ஏந்தி நின்றவரைப் பார்த்ததும் பெண்கள் அத்தனை பேரும் தடாலென்று விழுந்து கும்பிட்டார்கள். பக்கத்தில் பல் விளக்கும் பிரஷ்ஷோடு நின்றதால் எனக்கும் கொஞ்சம் நமஸ்காரம் கிடைத்தது. அடுத்த பத்து நாள் எங்கள் அறையில் முட்டைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் மேடம் சாப்பிடவில்லை.

அந்த வாரம் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தொட்டியின் மூலையில் சுருண்டவள் சுருண்டபடியே கிடந்தாள். எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பயந்துட்டாங்க நைனா” என்றார். தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டினார். ஃபேன் சத்தத்தை நிறுத்தினார். நான் இருமினால் முறைத்தார். மாட்டு டாக்டர் ஒருவருக்குப் போன் செய்தேன். ஊசி போடலாம்தான், ஆனால் இதற்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று அவர் நியாயமாகவே கேட்டார். ஓனரம்மா காளஹஸ்திக்குப் போய் மேடம் பெயரிலேயே ராகு கேது பூஜை செய்துவிட்டு வந்தார். நட்சத்திரம் தெரியாததால் மகனுடையதைச் சொன்னாராம். தினமும் காலையில் படிக்கட்டின் கீழே நின்று, மேலே வரப் பயந்து, மெதுவாகக் கேட்பார்: “தின்னதா பாபூ?”

“இல்லம்மா.”

அவருக்கும் அன்று காப்பி இறங்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் குவைத் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை ஸ்பேனர் பிடிக்கிற வேலை இல்லை. ஸ்பேனர் பிடிப்பவர்களை மேய்க்கிற சூப்பர்வைசர் வேலை. தனி ரூம். இதற்காகத்தான் அவர் ஊர் திரும்பிய நாளிலிருந்து ஏஜெண்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஏஜெண்டே போன் செய்து, சென்னையில் விமானம் ஏறவேண்டிய நாளைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“வர்ல சார். வூட்ல ஒருத்தங்க சாப்டல.”

“யாரு, அம்மாவா?”

“இல்ல.”

“சம்சாரமா?”

“இல்ல சார். மேடம்.”

அதற்கு ஏஜெண்ட் சொன்னது அச்சில் ஏறாது.

விமானம் கிளம்புகிற நாள் வந்தது. அன்று காலையிலிருந்து ஒரு வீட்டு மாடியையும் நான் டவருக்குக் கேட்கவில்லை. மனதுக்குள் ஒரு பிரசங்கத்தைத் தயாரித்துக்கொண்டே தெருத் தெருவாகச் சுற்றினேன். இந்த மனிதரை நாலு வார்த்தை உலுக்காவிட்டால் நான் என்ன தம்பி? மத்தியானம் மூன்று மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து, இரண்டிரண்டு படியாக ஏறி, கதவைத் தள்ளினேன். கூலிங் அண்ணா எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆச்சரியம், ஓனரம்மாவும் மேலே வந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. டையைத் தளர்த்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

“ண்ணா, உனக்குப் புத்தி கீதா இல்லியா? இந்நேரம் நீ மேல பறந்துக்கினு இருக்கணும்! சூப்பர்வைசர்ணா! நம்ம பக்கத்துல எவனுக்குக் கிடைக்கும்? நாலு மாசம் கழிச்சி நானும் மாத்தலாயி சித்தூர் பூடுவேன், அப்புறம் உன்னைப் பாக்க நாதி யாரு? எல்லாத்தையும் வுட்டுட்டு இங்க குந்திக்கினியே, இன்னாணா கண்ட இதுல? சொல்லு, இன்னா கண்ட?”

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, என் பேன்ட்டைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். கண் தொட்டியிலேயே இருந்தது. கண்ணில் தண்ணீர்.

“கத்தாத. துன்னுகினு கீறாங்க.”